குசினிக் கூரை ஒழுக்கும் சொட்டும் பைப்பும்

ஹட்டன்

அன்பின் செல்வம்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. குசினித் தகரம் ஒழுகுகிறது, தார் பூசியும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். மறுபடி தார் வாங்குமுன் ஒன்றைக் கவனி. மழையே பெய்யாத குளிர்ந்த விடியலிலும் சொட்டுகிறதா? அப்படியானால் அது ஒழுக்கல்ல, தகரம் வேர்க்கிறது. அடுப்பு ஆவி, இரவில் சில்லிட்டுப் போன தகரத்தின் அடியில் பட்டு நீராகிச் சொட்டும். அதற்கு எத்தனை டின் தார் பூசினாலும் பலன் இல்லை. கூரைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு பக்கமும் கையகலம் திறந்து கம்பிவலை அடி. ஆவி வெளியே போனால் சொட்டும் நிற்கும்.

மழையில் மட்டும் சொட்டினால் ஓட்டையைத் தேடு. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே அது இருக்காது. தண்ணீர் தகரத்தின் அடியை ஒட்டியே சரிவில் இறங்கி, தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பையில் தட்டித்தான் கீழே விழும். ஆகவே சரிவின் மேல்பக்கமாகப் பார்த்துக்கொண்டு போ. பகலில் கதவு ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைத்துவிட்டால் ஊசிமுனை வெளிச்சம்கூடத் தெரியும். அதில் ஓர் ஈர்க்கைக் குத்திவிட்டு மேலே ஏறு, ஈர்க்கு நீட்டிக்கொண்டு நிற்கும். நடக்கும்போது ஆணி வரிசையில் மட்டும் கால் வை, அங்கேதான் கீழே மரம் இருக்கிறது.

பெரும்பாலும் ஆணி ஓட்டைதான். வெயிலில் தகரம் விரியும், இரவில் சுருங்கும், காற்று வேறு தூக்கும். நாளாக ஆக ஆணி மெல்ல மேலெழும், அடியில் இருக்கும் வொஷர் காய்ந்து வெடிக்கும், நீர் இறங்கி மரம் இற்றுப் போகும். இந்த நிலையில் பழைய ஆணியையே திரும்ப அடிப்பது வீண் வேலை. இற்ற மரம் பிடிக்காது. போதாததற்கு தகரத்தின் மேடு நசுங்கி ஆணியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். ஆணியைப் பிடுங்கு, சுத்தியலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொள். மர ஓட்டையில் காய்ந்த மரமுளை ஒன்றை இறுக்கி அடி. பிறகு ஆணியைவிடச் சற்றுத் தடித்த 65 மில்லிமீற்றர் கூரை ஸ்குரூவைப் போடு. மேட்டின் உயரமே ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் போய்விடும், மீதிதான் மரத்தைப் பிடிக்கும். எப்போதும் மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் கூடாது.

வொஷருக்கு சைக்கிள் டியூப் மெல்லிசு, லொறி டியூப் நல்லது. ஓர் அங்குல வட்டமாக வெட்டி, நடுத்துளையை ஸ்குரூவைவிடச் சின்னதாக வை. இறுக்கும்போது இறப்பரின் விளிம்பு இலேசாகப் பிதுங்கியதும் கையை நிறுத்து. அதற்கு மேல் இறுக்கினால் கிழியும்.

துருவால் விழுந்த ஓட்டைக்குத் தார் சரிதான், ஆனால் தகரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காலையில் பனி படிந்திருக்கும். பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறியதும், எமரித் தாளால் துருவைத் தேய்த்து எடு. ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம் தார், மேலே பருத்தித் துணி, அதன்மேல் மறுபடி தார். சீமெந்து வேண்டாம். தகரம் விரிந்து சுருங்க அது வெடித்துவிடும், ஈரச் சீமெந்து தகரத்தின் மேலுள்ள நாகப்பூச்சையும் (துத்தநாகப் பூச்சு) அரிக்கும். செப்புக் கம்பியாலும் கட்டாதே, செம்பு பட்ட இடத்தில் நாகம் சீக்கிரம் தின்னப்பட்டுப் போகும்.

முழுத் தகரமும் மாற்றுவதானால் திசையைப் பார். எங்கள் பக்கம் பெருமழை தென்மேற்கிலிருந்து வருவதால், வடகிழக்கு முனையில் தொடங்கிப் போடுவோம். அப்போது மேலே ஏறும் விளிம்பு மழைக்கு முதுகு காட்டும். பண்டாரவளையில் உங்களுக்கு ஐப்பசி முதல் தை வரை வாடையோடுதான் மழை, ஆகவே தலைகீழாகத் தென்மேற்கில் தொடங்கு. பக்கவாட்டில் ஒன்றரை அலையும், மேல் கீழாக ஆறு அங்குலமும் ஏறட்டும். சரிவு குறைவென்றால் ஒன்பது அங்குலம். ஆனி ஆடியில் அடிக்கும் வறண்ட மேல்காற்று மழை தராவிட்டாலும் கூரையைப் பிடுங்கும். தாழ்வாரத்திலும் முகட்டிலும் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்குரூ போடு, நடுவில் இரண்டு விட்டாலும் பரவாயில்லை.

சொட்டும் பைப்பை, அதாவது தண்ணீர்க் குழாயின் திருகை, பற்றியும் கேட்டிருந்தாய். புது வொஷர் போட்டும் சொட்டுகிறதென்றால் வொஷர் உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பார். பள்ளம் தட்டுப்பட்டால் எந்த வொஷரும் அறுந்துவிடும். தட்டையான முனையுள்ள உருண்டைக் கட்டையில் எமரித் தாளை ஒட்டி, உள்ளே விட்டு நேராகச் சுழற்று. பள்ளம் மறைந்ததும் தண்ணீரைத் திறந்து தூளைக் கழுவிவிடு. இங்கே லொறி டியூப் உதவாது. ஊற்றுத் தொட்டி பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் அழுத்தம், நாற்பது மீற்றர் என்றால் நான்கு. அவ்வளவு அழுத்தத்தை மூட இறுக்கித் திருகுவீர்கள், மெல்லிய இறப்பர் தாங்காது. கடையில் விற்கும் அரை அங்குல வொஷரே போடு.

ஸ்குரூ வாங்குமுன் ரீப்பை மரமா, இரும்பா என்று எழுது. இரும்பென்றால் தானே துளையிடும் முனையுள்ள ஸ்குரூ வேண்டும், மேலே சொன்ன மரமுளை வேலையும் கிடையாது.

அன்புடன்,
ரவி