நீருக்கடியில் போன ஊர்களின் வரைபடம்

ஐயா,

மகளைப் பார்க்க அமெரிக்காவின் வடக்கு கரோலினாவுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே ஸ்வெயின் கவுன்ட்டி (நம் மாவட்டம் போல) முழுக்க மலையும் காடும்தான். நான் சர்வேயராக இருந்தவன் என்று, மாப்பிள்ளை அந்தப் பகுதியின் பழைய டோப்போ ஷீட்டை (மேடு பள்ளம், ஆறு, சாலை, வீடு எல்லாம் காட்டும் நிலவரைபடத் தாள்) அச்செடுத்துக் கையில் கொடுத்தார். 1880களிலிருந்து 2006 வரை அச்சான தாள்களை அந்நாட்டு நிலவியல் ஆய்வுத் துறை ஸ்கேன் செய்து, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

1944இல் அங்கே ஓடும் லிட்டில் டென்னசி ஆற்றை மறித்து 480 அடி உயர ஃபாண்டனா அணையைக் கட்டினார்கள். இன்றைய தாளில் அங்கே வெறும் நீலம். பழைய தாளில் ஆற்றோரம் ரயில் பாதை, ஜட்சன் என்ற ஊர், வீட்டுக்கு ஒரு கறுப்புச் சதுரம். வடகரை மேட்டில் கல்லறைகள் தப்பின. அங்கே போகும் சாலை மூழ்கிவிட்டது. புதுச் சாலை போடுவதாக 1943இல் எழுதிக் கொடுத்த அரசு, பாதியிலேயே விட்டுவிட்டது. சாலைக்குப் பதிலாக 5.2 கோடி டாலர் ஈடு தர 2010இல் ஒப்புக்கொண்டார்கள். இன்றும் பேரன் பேத்திகள் படகில் போய் முன்னோர் கல்லறையில் பூ வைக்கிறார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு எங்கள் பக்கத்து ஞாபகம்தான். 1934இல் மேட்டூர் அணை வந்தபோது பாட்டனார் ஊரும் உள்ளே போனது. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். "நந்திக்குத் தெற்கே நம்ம கிணறு" என்று அப்பா கை நீட்டுவார். எத்தனை சங்கிலி (நிலம் அளக்கும் நீள அளவு) தெற்கே என்று, ஊரார் நிலத்தையெல்லாம் அளந்த என்னால் சொல்ல முடியவில்லை.

அணைக்கு முந்தைய, ஒரு மைல் நிலத்தை ஓர் அங்குலமாகக் காட்டும் வரைபடத் தாளைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். "பழசு எதுக்கு? புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். புதுசில் எங்கள் ஊர் இருக்கும் இடம் நீலம், ஐயா.

துணி ஒட்டிய பழைய தாள்கள் மடிப்பு மடிப்பாக இற்றுப்போவதைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். இந்திய நில அளவைத் துறையும் மாநில ஆவணக் காப்பகமும் தங்களிடம் மிஞ்சியுள்ள 1934க்கு முந்தைய தாள்களையும் வயல்களின் எல்லை காட்டும் கிராமப் புலப்படங்களையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும். மூழ்கிய எங்கள் ஊர் வாய்க்கால்களின் பெயர்களைத் தன் தாய் சொல்லக் கேட்டு, இன்றும் வரிசை தவறாமல் சொல்லும் அத்தைக்கு வயது 88. அவருக்குக் கண் தெரியும்போதே அந்தத் தாளை அவர் முன்னால் விரித்துவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற நில அளவர்,
கொளத்தூர், சேலம் மாவட்டம்