சேலத்தில் ஆடியோ குழு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) அசெம்பிள் செய்வோரும் ஸ்பீக்கர் பெட்டி அடிப்போரும் கூடினால் பெரும்பாலும் வாட்ஸ், வயர் இரண்டில்தான் தகராறு. மறுத்துப் பேசியவரை வெளியேற்றிவிட்டால் குழு அமைதியாகிவிடும்தான். ஆனால் தவறான கணக்கும் அப்படியே தங்கிவிடும்; புதிதாக வருபவர் அதை நம்பிக் காசைத் தொலைப்பார்.

12-0-12 டிரான்ஸ்பார்மர் (நடுமுனையிலிருந்து இருபுறமும் 12 வோல்ட் ஏசி தருவது) போட்ட ஆம்ப்பைச் சேனலுக்கு 100 வாட்ஸ் என்கிறார்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின் கிடைப்பது பிளஸ் மைனஸ் 16 வோல்ட் அளவு. ஒலியைப் பெருக்கும் சில்லான ஐ.சி.யில் 3 வோல்ட் போனால் உச்சம் 13, அதாவது 9.2 வோல்ட் ஆர்.எம்.எஸ். (வாட்ஸ் கணக்குக்கு எடுக்கும் பயனுறு அளவு). அதன் வர்க்கத்தை 4 ஓம்ஸால் வகுத்தால் 21 வாட்ஸ். இரண்டு ஆம்ப்பை ஒரே ஸ்பீக்கரின் இரு முனையிலும் சேர்த்து பிரிட்ஜ் செய்யாதவரை, டிரான்ஸ்பார்மரின் ஆம்பியரை எவ்வளவு கூட்டினாலும் இது ஏறாது. சந்தேகமிருந்தால் ஸ்பீக்கருக்குப் பதில் 4 ஓம்ஸ், 50 வாட்ஸ் வயர்வுண்ட் ரெசிஸ்டரை மாட்டி, 200 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, வெளிவரும் அலையின் உச்சி வெட்டுப்படுவதற்கு முன் மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பாருங்கள். விலை குறைந்த மீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டும், அதனால்தான் 200. இந்தக் கணக்கைக் கேட்டவரைப் பொறாமைக்காரர் என்பது அநியாயம்.

சில சமயம் இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். ஒரே டிடிஏ7294 (ஒரு ஆம்ப் ஐ.சி.) போர்டு, ஐ.சி.யின் சூட்டை வெளியேற்றும் ஒரே ஹீட்சிங்க்: ஏற்காட்டில் நிற்காமல் பாடுகிறது, சேலத்தில் மே மாதம் பாதியில் அடங்கிவிடுகிறது. ஐ.சி. 30 வாட்ஸ் வெப்பம் விடுகிறது என்று வையுங்கள். உள்ளே வாட்ஸுக்கு 1.5 டிகிரி, ஐ.சி.க்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மின்காப்பாக வைக்கும் மைக்காவில் 0.5, ஹீட்சிங்கில் 1.5, மொத்தம் 105 டிகிரி ஏற்றம். மலையில் 28 டிகிரி என்றால் 133. கீழே 40 என்றால் 145, அந்த ஐ.சி. தானே ம்யூட் ஆகும் (ஒலியை நிறுத்திக்கொள்ளும்) அளவு. மைக்காவைக் கழற்றிச் சூட்டைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அதன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு இணைந்தது, கேபினட்டில் பட்டால் ஷார்ட். ஊர், வெயில், லோடு (மாட்டிய ஸ்பீக்கர்) மூன்றையும் சொல்லாமல் போட்ட சண்டைதான் இவ்வளவும்.

வயர் விஷயத்தில், வயர் மாறினால் ஒலி மாறும் என்போர், மாறாது என்போர் என்ற இரு தரப்பும் சொல்வது பாதி சரி. 1 சதுர மி.மீ. செம்பு வயரை 10 மீட்டர் இழுத்தால், போக வர 0.34 ஓம்ஸ், 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 0.7 டெசிபல் குறையும். 2.5 சதுர மி.மீ. போட்டால் தீர்ந்தது. அதற்கு மேல் விலை கொடுத்தால் ஒலி மாறும் என்பவர், கண்ணை மூடிக் கேட்கச் சம்மதிக்க வேண்டும். ஸ்பீக்கர் முனையில் ஒப்பிடும் இரண்டு வயரின் வோல்ட்டும் 1 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். சற்றுச் சத்தமானதே காதுக்கு நல்லதாகப் படும். வயரை மாற்றுபவர் கேட்பவரின் கண்ணில் படக்கூடாது. எந்த வயர் என்று 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால் அவர் பக்கம் வலு உண்டு. வெறும் ஊகத்தில் அது நடக்க நூற்றுக்கு நான்குதான் வாய்ப்பு. தோற்றாலும் அவரைப் பொய்யர் என்று சொல்லாதீர்கள். விலை தெரிந்தால் வித்தியாசம் உண்மையாகவே கேட்கும். மனித மூளை அப்படித்தான்.

பொருள் விற்பவர் பரிந்துரைக்கும்போது ‘இதை நான் விற்கிறேன்’ என்று முதலில் சொல்ல வையுங்கள். தவறு என்று தெரிந்த கணக்கை அழிக்காமல், திருத்தத்தை அதன் கீழேயே வைத்திருங்கள். வெளியேற்றியவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள், மீட்டரோடு.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு ஆடியோ ஆர்வலர்கள் சிலர்