பத்தாயிரத்தில் நான்கு

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் சத்தம் குறைந்துவிட்டதால் நான் பழையபடி இயற்பியல் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

எம்.எஸ்ஸி.யில் கைகர் கருவி முன்னால் ராத்திரி ராத்திரியாகக் கதிர்வீச்சுத் துகள்களை எண்ணிக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? இப்போது படிப்பதும் எண்ணியவர்களைப் பற்றித்தான். விண்மீனுக்குள் கார்பன் எப்படி உருவாகிறது என்று அளந்தவர்கள்.

இரண்டு ஹீலியம் கருக்கள் ஒட்டினால் பெரிலியம்-8. ஒரு நொடியைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு நேரம்கூட அது தாங்காது. அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர வேண்டும். கார்பன்-12 கருவில் 7.7 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு ஆற்றல் நிலை இல்லாவிட்டால் உலகில் இவ்வளவு கார்பன் இருக்க வழியில்லை என்றார் பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில். 1953-ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக்கூடத்தில் இருந்த இயற்பியலாளர் வில்லியம் ஃபௌலரிடம் போய், அளந்து பாருங்கள் என்று கேட்டார்.

அங்கிருந்த வார்ட் வேலிங்கும் மாணவர்களும் அளந்தார்கள். துகள்களின் ஆற்றலை அளக்கும் பல டன் எடையுள்ள காந்த நிறமாலைமானியை டென்னிஸ் பந்துகள் மேல் உருட்டித்தான் வேறு அறைக்குக் கொண்டுபோனார்களாம்! நைட்ரஜன் மேல் டியூட்டரான்களை (கன ஹைட்ரஜன் கருக்களை) மோதவிட்டு, வெளியே வந்த ஆல்ஃபா துகள்களின், அதாவது ஹீலியம் கருக்களின், ஆற்றலை அளந்தார்கள். 7.68-ல் அந்த நிலை இருந்தது. இன்றைய துல்லியமான மதிப்பு 7.65.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அடுத்த விஷயம். அந்த நிலையை எட்டிய கரு அநேகமாக எப்போதும் மறுபடி மூன்று ஹீலியமாக உடைந்துவிடுகிறது. பத்தாயிரத்தில் ஏறக்குறைய நான்கு மட்டுமே காமா கதிர்களை உமிழ்ந்து கார்பனாக நிலைக்கிறது. உன் கையில் இருக்கும் இந்தக் காகிதத்தின் கார்பன் அந்த நான்கில் வந்ததுதான், ராகவா.

அந்த நான்கை எண்ணுவதுதான் கடினம். 2020-ல் வெளிவந்த ஆய்வில், ஆஸ்லோவின் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் அடுத்தடுத்து வரும் இரண்டு காமா கதிர்களையும் (3.21, 4.44 மெகா எலெக்ட்ரான் வோல்ட்) சேர்த்துப் பிடித்து எண்ணினார்கள். விடை பத்தாயிரத்தில் ஆறுக்குப் பக்கத்தில் வந்தது. அது சரியென்றால் விண்மீன்களில் கார்பன் உருவாகும் வேகமே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்புறம் 2024-ல் வெளிவந்த அளவீடுகள் பழைய நான்குக்கே திரும்பின. அவற்றில் ஒன்று, உடையாமல் தப்பிய கார்பன் கருவையே பிடித்து எண்ணியது. எனக்கு அந்த வழிதான் நம்பிக்கை தருகிறது. இரண்டு காமாவையும் தவறவிடாமல் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்லோக்காரர்கள் ஆறு என்று துணிந்து வெளியிட்டதால்தான் மற்றவர்கள் மறுபடி எண்ணினார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1983-ல் ஃபௌலருக்கும் நம் சந்திரசேகருக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஹாயிலுக்குக் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, நம் ஆய்வக நோட்டு உன் பரணில்தான் இருக்க வேண்டும். கண் நன்றாகத் தெளிந்ததும் தேடி எடுத்து வை. பொங்கலுக்கு அடுத்த வாரம் வருகிறேன்.

அன்புடன்,
சேது