அப்பா ஒளித்து வைத்த டக்கோட்டா

உரும்பிராய்

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் நீ போனில் சொன்னது எனக்குள் இன்னும் கிடக்கிறது. அப்பாவின் சாமான்களை ஒதுக்குவது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். "அந்தப் பிளேன் பெட்டியை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ அம்மா, என்னை ஒருநாளும் தொடவிடாத சாமான் எனக்கு என்னத்துக்கு" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதோடு, நீ அப்படிச் சொன்ன நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் பாதி விமானமாகி என் முன்னால் மேசையில் நின்றது.

ஓம் ராசா, நான்தான் பொருத்தினேன். மாசி மாதம் தொடங்கியது, இந்தக் கிழமை முடிந்தது.

பெட்டியின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அது எயார்ஃபிக்ஸ் கம்பனியின் டக்கோட்டா, பிளாஸ்ரிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற மாதிரி விமானம், உண்மை விமானத்தின் 72இல் ஒரு பங்கு அளவு. டக்கோட்டா என்றால் அந்தக் காலத்து இரட்டைக் காற்றாடி விமானம். 1971இல் அப்பாவின் மாமா லண்டனிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அப்பா ஒன்பது வயதில் தாத்தாவோடு எங்கள் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கு எயர் சிலோன் டக்கோட்டாவில் போயிருக்கிறார். அந்த ஒரு பயணத்தை எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பார்! வாலில் சின்னச் சில்லு என்பதால், தரையில் நிற்கும்போது அதன் மூக்கு வானத்தைப் பார்த்தபடி இருக்கும். உள்ளே ஏறி முன் இருக்கைக்குப் போவது மேட்டில் ஏறுவது மாதிரி இருந்ததாம். தாத்தா வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாராம். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியதும் டக்கோட்டாவில்தான். இரத்மலானையிலிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் வந்து இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அந்த விமானத்தின் பெயர் சீதாதேவி. அப்பா ஏறியது எந்த டக்கோட்டா என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் பெயர் அவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

படிப்பு, வேலை, கலியாணம் என்று பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கி, கரண்டும் இல்லை, அப்பாவின் கந்தோரும் நடக்கவில்லை. அப்போதுதான் பெட்டியை இறக்கினார். உள்ளே இருந்த பசை ரியூப் காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. புதுப்பசைக்கு எங்கே போவது? மண்ணெண்ணெயே கிடைக்காமல் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்த காலம். பசை வரும்போது வரட்டும் என்று, பாகங்களை அவை கோத்து வருகிற பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து பிளேட்டால் அறுத்து, ஓரங்களை அராவி, ரப்பர் வளையங்களைப் போட்டுச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் அந்த வேலை.

உனக்கு அப்போது நாலு வயது. ஒருநாள் மத்தியானம் பொம்பர் வந்து போனது. சத்தம் ஓய்ந்ததும் பங்கரிலிருந்து நீதான் முதலில் வெளியே ஓடிவந்தாய். முன் விறாந்தை மேசையில் அந்த டக்கோட்டா ரப்பர் வளையங்களோடு நின்றது. நீ அழவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. அப்படியே திரும்பி ஓடிப் பங்கருக்குள் இறங்கியவன்தான், இருட்டும் வரை வெளியே வரவேயில்லை. சோற்றையும் அங்கேதான் குழைத்து ஊட்டினேன். அப்பா உள்ளே வந்து உனக்குப் பக்கத்தில் இருந்து, "இது ஆக்களை ஏத்திக்கொண்டு போற பிளேன் ராசா, அப்பாவும் சின்னனில ஏறினது" என்று சொன்னார். நீ கேட்டாய்: "அப்ப ஏன் மேலால போறது குண்டு போடுது?"

அவரிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவே ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, அலுமாரிக்கு மேலே பின்பக்கமாகத் தள்ளி வைத்தார்.

பிறகு ஏழு, எட்டு வயதில் நீ அதைக் காட்டச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் அவர் "தொடாதை" என்றது அதனால்தான். நீ அந்த மத்தியானத்தை மறந்துவிட்டாய் என்பது எங்களுக்கு விளங்கியது. அவனிடம் சொல்லிவிடுங்கோ என்று நான் இரண்டு மூன்று தரம் சொன்னேன். "மறந்தவன் மறந்தபடி இருக்கட்டும், என்னிலை கோவம் எண்டால் இருந்திட்டுப் போகட்டும்" என்றார். அவர் இருக்கும் வரை நானும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். இனியும் மறைப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

95 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து, நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தபோது பெட்டியை எடுக்கவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் ஓடு உடைந்து மழை இறங்கியிருந்தது. மட்டைப்பெட்டியையும் செய்முறைத் தாளையும் கறையான் தின்றிருந்தது. பிளாஸ்ரிக்கைத் தின்னவில்லை. சிறகுகளில் ஒட்டுகிற சின்னங்கள் அச்சிட்ட தாள் மட்டும் காணாமல் போயிருந்தது. அதைப் போன தை மாதம் கண்டெடுத்தேன். எங்கே தெரியுமா? காணி உறுதிப் பைக்குள். உறுதியையும் உன் பிறப்புச் சான்றிதழையும் நான் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தேனே, அந்தப் பைக்குள் அப்பா எனக்கும் சொல்லாமல் அதை வைத்திருக்கிறார். அதைக் கையில் எடுத்த அன்றுதான் இந்த விமானத்தைப் பொருத்துவது என்று முடிவெடுத்தேன்.

மாமாவின் மகன் கொழும்பிலிருந்து பசையும் எனாமல் பெயின்ற்றும் வாங்கி வந்தான். செய்முறைத் தாளுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தந்தான். முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவளுக்கு அந்தப் பசை பிடித்துப்போயிற்று. அதில் ஒட்டுதல் என்று ஒன்று இல்லை. அதிலுள்ள கரைப்பான் இரண்டு பக்கத்துப் பிளாஸ்ரிக்கையும், அதாவது பொலிஸ்ரைரீனை, கொஞ்சம் கரைக்கிறது, கரைந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கின்றன, கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடுகிறது. அதனால் கூடப் பூசினால் வடிவம் கெட்டுவிடும். சிறகு உடலில் சேருகிற இடத்தில் ஒரு சோற்றுப்பருக்கை அளவு இடைவெளி இருந்தது. வெட்டி மிஞ்சிய சட்டத் துண்டுகளை அதே பசையில் கரைத்து, கூழாக்கி, அந்த இடத்தில் அப்பினேன். விமானத்தின் பிளாஸ்ரிக்கே விமானத்தின் இடைவெளியை அடைத்துக்கொண்டது. காயும்போது அது சுருங்கும் என்பதால் இரண்டு நாள் விட்டு இன்னொரு தரம் அப்பி, தண்ணீர் தொட்டுச் சான்ட் பேப்பரால் தேய்த்தேன்.

எல்லாவற்றுக்கும் முதல் பாகங்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன். அச்சில் வார்க்கும்போது பூசுகிற எண்ணெய் இருந்தால் பெயின்ற் பிடிக்காது. கழுவும்போதுதான் சிறகின் உட்பக்கத்தில் பென்சில் எழுத்தைக் கண்டேன். அப்பாவின் குண்டு எழுத்து. பாகங்களின் இலக்கங்கள், "இடது", "வலது", பிறகு ஒரு மூலையில் "சீதாதேவி". அதில் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துத் துடைத்தேன். சிறகின் இரண்டு பாதியையும் ஒட்டிய பிறகு அந்த எழுத்து உள்ளே போய்விட்டது. இனி யாரும் அதைப் பார்க்க முடியாது, ஆனால் அங்கேதான் இருக்கிறது.

அவர் அராவிய ஓரங்களில் நான் கை வைக்கவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

பழைய அச்சு என்பதால் மேலெல்லாம் ஆணித்தலைகள் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்று அரை மில்லிமீற்றர் வரும். 72ஆல் பெருக்கினால் 36 மில்லிமீற்றர், உண்மை விமானத்தில் தேசிக்காய் அளவு ஆணி! கணக்குப்படி அதெல்லாவற்றையும் தேய்த்து மட்டமாக்க வேண்டும். நான் தேய்க்கவில்லை. அப்பா சின்ன வயதில் விரலால் தடவிப் பார்த்ததாகச் சொன்ன ஆணிகள் அவை. ஜன்னல் கண்ணாடிகளுக்கு மட்டும் வெள்ளைப் பசை பாவித்தேன். சுப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணாடி பனி படிந்த மாதிரி வெளிறிவிடும்.

பெயின்ற் பூசியதுதான் நீண்ட வேலை. முதலில் யாழ்ப்பாணத்தில் வாகனத்துக்கு அடிக்கிற வெள்ளி ஸ்பிரே ஒன்று வாங்கி, நல்ல வேளையாக ஒரு சட்டத் துண்டில் அடித்துப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் துண்டின் மேற்பரப்பு வரண்ட குளத்து மண் மாதிரி வெடித்துவிட்டது. அதன் கரைப்பான் இந்தப் பிளாஸ்ரிக்குக்கு ஆகாது. அதை ஒதுக்கிவிட்டு எனாமலுக்கே வந்தேன். முதலில் சாம்பல் பூச்சு, அதன் மேல் பளபளக்கும் கறுப்பு, அதற்கு மேலேதான் வெள்ளி. கறுப்புக்கு மேல் பூசினால்தான் வெள்ளி உலோகம் மாதிரி மின்னும். ஒவ்வொரு பூச்சும் மெல்லிசு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முழு நாள். தூசி படாமல் பெரிய பிஸ்கற் ரின்னைக் கவிழ்த்து மூடி வைத்தேன். வெள்ளி ஒரு குறையையும் மறைக்காது. ஒரு விரல் அடையாளத்துக்காக இடது சிறகு முழுவதையும் தேய்த்துத் திரும்பப் பூசினேன்.

அப்பா காப்பாற்றிய சின்னத்தாள் பழுப்பேறிப் போயிருந்தது. அதைப் பொலித்தீன் பையில் போட்டுத் தெற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, இரண்டு கிழமை வெயில் காட்டினேன். பழுப்பு நன்றாகவே இறங்கிற்று. முதல் சின்னத்தைத் தண்ணீரில் போட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மிச்சத்துக்கு மேல் வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்ட பிறகு நொறுங்கவில்லை. இங்கிலாந்து விமானப்படையின் வட்டச் சின்னம் ஒன்றைச் சிறகில் வழுக்கிவிட்டு, நேராக்கி, தள்ளி நின்று பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் வட்டம் ஏறியதும் அது சண்டை விமானமாகிவிட்டது. ஈரம் காயுமுன் தூரிகையால் தள்ளி எடுத்துவிட்டேன். மிச்சத் தாள் திரும்ப உறுதிப் பைக்குள் இருக்கிறது. அதற்குப் பதிலாக, மூக்கின் இரண்டு பக்கமும் நுனித் தூரிகையால் "சீதாதேவி" என்று எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

சிறகு நுனிக்கு நுனி 40 சென்ரிமீற்றர் இருக்கிறது. உண்மை விமானம் 95 அடி. இரண்டு காற்றாடிகளும் ஊதினால் சுற்றும்.

ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போன நேரம் உன் சின்னவனுக்கு வீடியோவில் அதைக் காட்டினேன். உன்னைக் கேட்காமல் காட்டியதை நினைத்துக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அவனுக்கும் இப்போது நாலு வயது. கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு கிட்ட வந்து, "அப்பம்மா, இது எங்க போகுது?" என்று கேட்டான். பலாலியிலிருந்து உங்களை ஏற்ற ரொறன்ரோவுக்கு வருகுது என்றேன். தனக்கு ஜன்னல் பக்கம் வேண்டுமாம்.

டிசெம்பரில் வரும்போது கொழும்பால் வராமல் சென்னையால் வா. 2019இல் பலாலியைத் திரும்பத் திறந்த பிறகு அந்தப் பாதை இருக்கிறது. வருவது சின்ன ATR விமானம்தான், அதிலும் இரண்டு காற்றாடிதான். பிள்ளைக்கு ஜன்னல் இருக்கை எடு. இறங்கும்போது பனைகள் தெரியும்.

டக்கோட்டாவை நான் அலுமாரிக்கு மேலே வைக்கப்போவதில்லை. முன் விறாந்தையில் அதே மேசையில், சின்னவனுக்குக் கை எட்டுகிற இடத்தில்தான் நிற்கும். அவன் எடுத்துப் பறக்கவிடட்டும், நீயும் எடுத்துப் பார். சில்லுக் கால்கள் மெல்லிசு, எப்படியும் ஒன்று உடையும். பசை இன்னும் அரைப் போத்தல் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா