வடதுருவக் கிரகணமும் நமது பஞ்சாங்கமும்

ஆசிரியர் அவர்கட்கு,

2033 மார்ச் 30, புதன்கிழமை அமாவாசையன்று நிகழவுள்ள பூரண சூரிய கிரகணத்தைப் பற்றி இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கனடாவிலுள்ள பிள்ளைகளுக்கு அலாஸ்கா போகும் யோசனை. இங்குள்ள பெற்றோருக்கோ அன்று கோயில் நடை சாத்துமா, அடுப்பு மூட்டலாமா என்ற கவலை. இரு பகுதியினருக்கும் உதவும் விபரங்கள் சிலவற்றைத் தருகிறோம்.

முதலில் நேரம். கிரகணம் உச்சம் அடைவது உலகப் பொது நேரம் 18.01க்கு. நமது இலங்கை மணிக்கூட்டில் அது இரவு 11.31. சூரியன் அப்போது நமக்கு அடியில், பூமியின் மறுபக்கத்தில் நிற்கும். ஊரில் தெரியாத கிரகணத்துக்குத் தீட்டோ தோஷமோ பார்க்கும் வழக்கம் வாக்கியப் பஞ்சாங்கத்திலும் இல்லை, திருக்கணிதப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஆகவே பெற்றோர் வழமைபோலச் சமைக்கலாம். அலாஸ்காவில் அதே கணம் 30ஆம் திகதி காலை 10.01 (கோடை நேரம் நடைமுறையில் இருந்தால்). பெரிங் நீரிணைக்கு அப்பால், ரஷ்யாவின் சுக்கோட்காவில் 31ஆம் திகதி காலை பிறந்துவிடும், ஏனெனில் இடையில் திகதிக்கோடு ஓடுகிறது. எனவே செய்தியொன்றில் 31 என்று கண்டால் பிழையெனத் திருத்திவிடாதீர்கள். எந்த ஊர் நேரம் என்பதைச் சேர்த்து அச்சிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

துருவம் என்றதும் ஆறுமாத இருட்டு நினைவுக்கு வருகிறது. மார்ச் 21 அளவில் சூரியன் மத்திய கோட்டைக் கடந்துவிடுவதால் 30ஆம் திகதி அங்கே பகல் 12 மணித்தியாலத்துக்கும் அதிகம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சூரியன் மிகத் தாழ்ந்து நிற்கும். பூரணம் மிக நீளும் இடம் அலாஸ்காவின் வடமுனையிலுள்ள உட்கியாக்விக் (முன்னாள் பரோ) அருகே, 2 நிமிடம் 37 விநாடி. அங்கே சூரியனின் உயரம் 11 பாகை மட்டுமே, திசை கிழக்கு-தென்கிழக்கு. நீட்டிய கையில் முட்டியைப் பொத்திப் பிடித்தால் அது மறைக்கும் உயரம் சுமார் 10 பாகை. 10 மீற்றர் உயரக் கட்டிடம் 50 மீற்றருக்குள் நின்றால் போதும், கிரகணம் முழுவதும் அதன் பின்னால் போய்விடும். முதல் நாளே அதே நேரத்துக்குப் போய் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாய்வால் ஒரு நன்மையும் உண்டு. சந்திரனின் கருநிழல் குறுக்களவில் 160 கிலோமீற்றர் அளவுதான். அது நிலத்தில் மிகச் சரிவாக விழுவதால் பாதையின் அகலம் 781 கிலோமீற்றராக விரிகிறது. இவ்வளவு அகன்ற பாதையில் 50 கிலோமீற்றர் விலகி நின்றாலும் இழப்பு சில விநாடிகளே. ஆகவே நடுக்கோட்டைத் துரத்தாமல், வானம் தெளிவாகவும் போக்குவரத்து வசதியாகவும் உள்ள ஊரைத் தேர்வதே புத்தி. அலாஸ்காவின் உட்கியாக்விக்கும் நோமும் வெளி வீதிகளோடு இணையாதவை, விமானத்தில்தான் போகலாம். புருடோ விரிகுடாவுக்கு ஃபெயர்பாங்க்ஸிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வீதி உண்டு, பெரும்பகுதி சரளைக்கல். எல்லாமே சிறிய ஊர்கள், அறைகள் கொஞ்சம். ரொறன்ரோவிலோ வன்கூவரிலோ வீட்டு முற்றத்தில் நின்றால் பூரணம் கிடைக்காது.

குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையை ஒட்டியோ அதற்கும் கீழோ இருக்கும். இந்தக் குளிரில் பற்றரிக்குள் இரசாயனத் தாக்கம் மந்தமாகி, நிரப்பிய மின்னில் பாதியளவே கைக்கு வரும். மேலதிகப் பற்றரிகளை உட்சட்டைப் பையில் உடற்சூட்டோடு வைத்திருந்து மாற்றுங்கள். கமெராவை ஒரு மணித்தியாலம் முன்பே வெளியே வைத்துவிட்டு, வில்லை குளிர்ந்த பிறகே சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டியோடு சூரிய விளிம்பில் குவியப்படுத்த வேண்டும். அறைக்குள் சரிசெய்த குவியம் குளிரில் நகர்ந்துவிடும். குவியத்தை அசையாமல் ஒட்டிவைக்கும் ஒட்டுநாடா குளிர்ந்தால் பிடிக்காது, அதையும் பைக்குள் வைத்திருங்கள். முக்காலியின் கால்கள் பனியில் புதையும். மூன்று ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடியில் வையுங்கள். கண்வில்லையில் மூச்சுப் பட்டால் உடனே உறையும். மெல்லிய கையுறையின் மேல் தடித்த கையுறை அணிந்தால் வெறுங்கையால் உலோகத்தைத் தொடாமலே வேலை முடிக்கலாம். பலர் கோட்டைவிடுவது திரும்பும்போதுதான். குளிர்ந்த கமெராவை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோனால் ஈரம் வில்லைக்குள்ளேயே படியும். வெளியிலேயே பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி, உள்ளே இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுப் பிரிக்க வேண்டும்.

படத்துக்கு ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 என்று வைத்து, சூரிய விளிம்பின் தீச்சுவாலைகளுக்கு 1/1000 விநாடியில் தொடங்கி, சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டமான கொரோனாவின் வெளிப்பகுதிக்கு 1 விநாடி வரை அடுக்கிச் செல்லலாம். வடிகட்டியைக் கழற்றுவது பூரணத்துக்கு 15 விநாடி முன்னர், கமெராவில் மட்டும். கிரகணக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுப்பது வைரமோதிரம், அதாவது விளிம்பில் மின்னும் கடைசி ஒளிப்புள்ளி, அணைந்த பிறகே.

இங்கிருப்போருக்கு வேலை இருப்பது வேறு இரண்டு நாட்களில். 2027 ஆகஸ்ட் 2 மாலையில் பகுதிக் கிரகணம். 2031 மே 21இல், 2010இலும் 2019இலும் கண்டதுபோல, கங்கணக் கிரகணப் (சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம்) பாதை யாழ்ப்பாணத்தின் மேலாகவே போகிறது. கங்கணத்தில் கண்ணாடியைக் கழற்றும் கணமே கிடையாது. மஞ்சள் அல்லது சாணி கரைத்த தண்ணீரில் பார்ப்பதும் காப்பல்ல. நீரின் மேற்பரப்பு ஒளியில் ஏறத்தாழ 50இல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற சர்வதேசத் தரத்துக்கமைந்த கிரகணக் கண்ணாடி விடுவதோ அதிகபட்சம் 31,000இல் ஒரு பங்கு. மஞ்சளும் சாணியும் அடித்தளத்தைத்தான் மறைக்கும், மேற்பரப்புத் தெறிப்பைக் குறைக்கா. எக்ஸ்ரே படலத்தையும் புகையேற்றிய கண்ணாடியையும் விடுங்கள். காய்ச்சி ஒட்டும் தொழிலாளர் பாவிக்கும் 14ஆம் இலக்கக் கண்ணாடி நல்லது. அதுவும் இல்லையென்றால் மட்டையில் குண்டூசித் துளையிட்டு, ஒரு மீற்றர் தள்ளி வெள்ளைத் தாளில் விழுத்தினால் 9 மில்லிமீற்றர் விம்பம் வரும்.

இங்ஙனம்,
வானியல் பயிற்றும் ஆசிரியர் சிலர்,
யாழ்ப்பாணம்.