உவரிக் கடலில் என்னை இறக்கிவிட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தைப்பூசத் தேர்க் கூட்டமெல்லாம் கலைந்து பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உவரிக் கடலில் இருபது நிமிடம் நீந்தினேன். மச்சான் கரையில் நின்று கடிகாரம் பார்த்துச் சொன்ன கணக்கு அது. மூன்று வருடத்துக்கு முன் மலக்குடலில் வந்த புற்றுநோய்க்காக ஆசனவாயை அறுத்து எடுத்துவிட்டு, இடது அடிவயிற்றில் ஸ்டோமா வைத்தார்கள். குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்த சிவந்த வாய் அது. அதன்மேல் ஒட்டிய பையோடுதான் என் மிச்ச வாழ்நாள். அந்தப் பையோடு கடலில் இறங்கலாம் என்று நான் நம்புவதற்குச் சிலர் பாடுபட்டிருக்கிறார்கள். நேரில் நன்றி சொன்னால் ஆளுக்கொரு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

திசையன்விளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் உவரி. கடற்கரைக் கோயில் சுயம்புலிங்க சாமிதான் எங்கள் குலதெய்வம். கடலில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு சாமி கும்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகிய நான், பதினைந்து வயதில் அந்தக் கடலில் அலை தாண்டிப் போய்த் திரும்பியவன். அறுவைக்குப் பிறகு வந்த இரண்டு திருவிழாவிலும் குழாயடியில் கால் நனைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனேன். சாமிக்கு முன்னால் உலர்ந்த வேட்டியோடு நின்றது எனக்குத் தாங்கவில்லை.

இடையில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் முயன்று பார்த்தேன். பனியனுக்கு அடியில் பை புடைத்திருந்ததைப் பார்த்த பணியாளர், மற்றவர்கள் குளிக்கிற இடம் என்று சொல்லி வெளியே வரச் சொன்னார். ஒரு வார்த்தை பேசாமல் ஏறி வந்தேன். அன்றைக்குப் பேசாமல் இருந்தது இன்னும் உறுத்துகிறது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

முதல் நன்றி, பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அண்ணாச்சிக்கு. மருத்துவமனை வராந்தாவில் நான் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கித் தன் பையைக் காட்டினார். "பதினோரு வருடம் ஆகிறது தம்பி. பேரன் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினேன்" என்றார். எந்த டாக்டர் சொல்லியும் இறங்காத சோறு அன்று மதியம் எனக்குத் தொண்டையில் இறங்கியது.

அடுத்து, ஸ்டோமா பராமரிப்புச் சொல்லித்தந்த சிஸ்டர். இந்தச் செவிலியர் வேலையின் தொடக்கத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 1958இல் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், நார்மா கில் என்ற பெண்ணை இந்த வேலைக்கென்றே அமர்த்தினார். நார்மா கில் அவரிடமே அறுவை செய்துகொண்டு வயிற்றில் பை வைத்திருந்தவர். பை வைத்திருந்தவரே பை வைத்தவருக்குக் கற்றுக்கொடுத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று சிஸ்டர் சொன்னபோது, வராந்தாவில் சட்டையைத் தூக்கிய அண்ணாச்சியை நினைத்துக்கொண்டேன்.

கடலுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. கீழே இருந்த காயம் முழுக்க ஆறிவிட்டதா என்று பார்த்தார், அறுவை செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லித்தந்தார். ஸ்டோமா வழியாகக் கடல் தண்ணீர் வயிற்றுக்குள் போகாது. அந்தச் சதையில் வலி உணரும் நரம்பு கிடையாது, அதனால் உப்பு பட்டால் எரியாது. எரிந்தால் சுற்றியுள்ள தோல் புண்ணாகியிருக்கிறது என்று அர்த்தம், அதை முதலில் ஆற்ற வேண்டும். தோலில் ஒட்டும் பிளேட்டை முந்தின நாள் இரவே புதிதாக ஒட்டிவிட வேண்டும், தண்ணீரில் இறங்குகிற நேரத்தில் ஒட்டினால் பிடிக்காது. ஓரத்தைச் சுற்றி நீர் புகாத ஒட்டுநாடா. வாயு வெளியேறப் பையில் இருக்கும் சின்ன வடிகட்டி நனைந்தால் கெட்டுவிடும், அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, கரையேறியதும் உரித்துவிட வேண்டும். இறங்கும் முன் பையைக் காலி செய்ய வேண்டும்.

எண்ணெய் விஷயம்தான் எனக்குப் பெரிய பாடம். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற உடம்பு இது. எத்தனையோ முறை பிளேட் கழன்று போனதற்குப் பையைத்தான் குறை சொல்லியிருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற தோலில் பசை நிற்காது என்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, தலைக்கு மட்டும் போதுமான அளவு ஊற்றி, மிச்சத்தைப் புட்டியில் திருப்பி ஊற்றினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சனிக்கிழமை அப்படித்தான்.

பஜாரில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு நன்றி. வேட்டி மடிப்பும் பெல்ட்டும் சரியாக ஸ்டோமா மேலேயே வந்து அழுத்துகிற தொல்லையை அவரிடம்தான் சொன்னேன். இழுபடுகிற நீச்சல் துணியை இரட்டையாக மடித்து, உள்பக்கம் பைக்கென்று ஒரு உறை வைத்து, அகலமான இடுப்புப் பட்டி தைத்துத் தந்தார். மூன்று முறை பிரித்துத் தைத்தார். கூலி வாங்கவில்லை.

மச்சானுக்கு நன்றி சொல்லப் பெரிய காரணம் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் மகன் கடல் மண் சுமப்பான் என்று அம்மா சாமிக்கு நேர்ந்துவிட்டாள். ஓலைப்பெட்டியில் மண் அள்ளித் தலையில் சுமந்து வந்து கோயில் முன் கொட்டுகிற நேர்ச்சை அது. கனம் தூக்கினால் ஸ்டோமா பக்கம் குடலிறக்கம் வந்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மச்சான் யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய், என் பெயரைச் சொல்லி அத்தனை பெட்டியும் சுமந்து கொட்டிவிட்டு வந்து, அம்மாவிடம் திருநீற்றை நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை கூட வந்த உவரி மீனவர் தம்பிக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது? கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற காலத்தில் கேட்டதற்கு முடியாது என்று மறுத்து, தை பிறக்கட்டும், கடல் அமரட்டும் என்று காக்க வைத்தவர் அவர். அன்று காலை நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தண்ணீரில் நின்று பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். முட்டளவு, தொடையளவு. இடுப்புக்குத் தண்ணீர் ஏறியபோது பட்டிக்குள் பை லேசாக மேலே தூக்கியது. என் இடது கை தானாகப் போய் அதைப் பொத்திக்கொண்டது. அலை வந்து நெஞ்சில் அடித்தது, கை நகரவில்லை. அவர் பக்கத்தில் வந்து, "கையை எடுங்கள் அண்ணாச்சி. ஒற்றைக் கையால் எப்படி நீந்துவீர்கள்? நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றார். எடுத்தேன். அடுத்த அலையைத் தலைக்குமேல் விட்டு அந்தப் பக்கம் எழுந்தேன். வாயெல்லாம் உப்பு. முப்பது வருடத்துக்கு முந்தைய அதே உப்பு. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கரையேறியதும் அவருடைய அம்மா தங்கள் வீட்டுக் குளியலறையைத் திறந்துவிட்டார். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நிற்கிற தெரு அது. இரண்டு குடம் நிரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துண்டுத் துணிகள். பிளேட் ஓரத்தை ஒற்றி எடுக்க மெல்லிசுத் துணி வேண்டும் என்று என் மனைவி முந்தின நாள் போனில் சொல்லியிருக்கிறாள். உள்ளே என்ன மாற்றுகிறேன் என்று பெரியம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்ததும் சுடச்சுடக் கருப்பட்டிக் காப்பி தந்தார். பிறகு கோயிலுக்குப் போனேன், ஈர வேட்டியோடு.

ராதாபுரம் பக்கத்தில் இருந்து ஒருவர் போன வாரம் கடைக்கு வந்தார். அறுவை முடிந்து ஒரு வருடம். கூட்டம் குறையும் வரை வாசலிலேயே நின்று, பிறகு மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு அவரை உள்ளே அழைத்துப்போய் என் சட்டையைத் தூக்கினேன். டாக்டரிடம் கேட்டுவிட்டார், சிஸ்டரையும் பார்த்துவிட்டார். அடுத்த மாதம் கடல் நன்றாக இருந்தால் அவரும் வருகிறார். தையற்கடை அண்ணன் இடுப்பு அளவு கேட்டார், கொடுத்துவிட்டேன். 38.

நன்றியுடன்,
திசையன்விளை பலசரக்குக் கடைக்காரன்