சிறைவாசியின் கணக்கில் 20 சதவீதம்: அமெரிக்கக் காங்கிரஸின் நீதித்துறைக் குழுக்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

1996-ஆம் ஆண்டின் சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டத்தில் கட்டணப் பிடித்தம் பற்றிய பிரிவைத் திருத்தும்படி கேட்கிறோம்.

கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் குடிமை உரிமை வழக்குப் போட 405 டாலர்: சட்டக் கட்டணம் 350, நிர்வாகக் கட்டணம் 55. வெளியில் இருக்கும் ஏழையின் வறியவர் மனு (கட்டணம் கட்ட வசதியில்லை என்று கேட்கும் மனு) ஏற்கப்பட்டால் அவர் எதுவும் கட்ட வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு அந்த 55 மட்டும்தான் தள்ளுபடி. கட்டண விலக்கு என்று பெயர், நடப்பதோ தவணைக் கடன்.

சிறையில் ஒருவர் பெயரில் இருக்கும் கணக்குக்கு வீட்டிலிருந்து மாதம் 40 டாலர் வருகிறது. சோப்பு, தொலைபேசிச் செலவு போகச் சராசரி இருப்பு 6 டாலர் என்று வையுங்கள். கடைசி 6 மாதத்தின் சராசரி வரவு, சராசரி இருப்பு இரண்டில் பெரியதைத்தான் சட்டம் எடுக்கும். 40-இல் 20 சதவீதம், ஆக முதல் தவணை 8 டாலர். கையில் காசே இல்லாவிட்டாலும் வழக்கைத் தடுக்கக் கூடாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அதன்பின் கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் முந்தைய மாத வரவில் 20 சதவீதம் போகும். 350 தீர 44 தவணை. முதல் ஆய்விலேயே வழக்கு தள்ளுபடியானாலும் பாக்கி நிற்கும்.

தோற்றவர் மேல்முறையீடு செய்தால் இன்னொரு 605 டாலர், அதற்குத் தனியாக 20 சதவீதம். முன்பு சில மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒரு பாக்கி தீர்ந்த பிறகே அடுத்ததைப் பிடிக்கச் சொல்லின. 2016-இல் புரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது: ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி, எல்லாம் ஒரே நேரத்தில். ஐந்து பாக்கி இருந்தால் மாத வரவு முழுவதும் போய்விடும். காப்பு என்று மிஞ்சுவது அந்த 10 டாலர் வரம்புதான். நீதிபதிகளைக் குறை சொல்வதற்கில்லை, வாசகம் உங்களுடையது.

எத்தனை பாக்கி இருந்தாலும் மொத்தப் பிடித்தம் மாத வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பழையது முதலில் தீரட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நீதிமன்றத்துக்குப் பணம் தாமதமாகும், குறையாது. வீண் வழக்குகள் பெருகுமே என்பீர்கள். அதற்குத்தான் மூன்று தள்ளுபடி விதி இருக்கிறதே: வீண் வழக்கு என்றோ, தீய நோக்கம் கொண்டது என்றோ, நிவாரணம் கோரச் சட்டக் காரணம் இல்லை என்றோ மூன்று முறை வழக்குத் தள்ளுபடியானவர், உடனடியாகக் கடும் உடற்காயம் நேரும் ஆபத்து இல்லாவிட்டால், முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். மீண்டும் தாக்கல் செய்ய அனுமதியோடு தள்ளுபடியானதும் அந்த எண்ணிக்கையில் சேரும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது.

இன்னொன்று, வறியவர் மனுவோடு சிறைவாசி இணைக்க வேண்டிய சிறைக் கணக்கு அறிக்கை. 6 மாதத்துக்கும், இருந்த ஒவ்வொரு சிறையிலிருந்தும் சான்றளித்த நகல் வேண்டும். நடுவில் இடம் மாற்றப்பட்டவர் பழைய சிறைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க, நீதிமன்றம் கொடுத்த கெடு முடிந்து மனு தள்ளுபடியாகிறது. மனுதாரர் ஒப்புதல் கையெழுத்திட்டால் சிறைக் கணக்குப் பிரிவே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆக்குங்கள்.

அதுவரை மனுதாரர்களிடம் நாங்கள் சொல்வது இதுதான்: அறிக்கை கேட்டுக் கொடுத்த சீட்டின் நகலைத் தேதியோடு இணையுங்கள், கெடு முடியும் முன்பே அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
சிறைவாசிகளுக்கு மனு தயாரிக்க உதவுபவர்கள்